கிணற்றடிக்கு முதலில் வந்த குதிரைகள் (மேற்குச் சென்னை வரலாறு – 17)

சென்ற பகுதியைச் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகில் நிறுத்தியிருந்தோம். இன்றைய விஷயத்துக்கும் அந்த மதகிலிருந்தே கிளம்புவது வசதி.

மதகைத் தூக்கினால் தண்ணீர் தானாக வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் போகிறது. மாடு வேண்டாம், எஞ்சின் வேண்டாம். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள ஏரியில் தேங்கி நிற்பது தண்ணீர் மட்டுமல்ல; மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கக் காத்திருக்கும் ஆற்றலும் கூடத்தான். பண்ணைக்கு வேலை செய்யும் சக்திகள் எவை என்று வேளாண் பொறியியல் பாடநூல்கள் ஒரு பட்டியல் போடும்: மனிதர், கால்நடை, எஞ்சின், மின்சாரம், காற்று, வெயில். அந்த வரிசையில் ஏரிக்கு இடமில்லை. செங்கல்பட்டுச் சீமையில் அந்தப் பாடத்தை நடத்துகிறவர் ஏரியை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

ஏனென்றால் மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் எருதின் இடத்தை எஞ்சின் எப்போது பிடித்தது, எங்கே முதலில் பிடித்தது என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. கேட்டால் எல்லோரும் டிராக்டர் என்பார்கள். டிராக்டர் கடைசியில் வந்தது. எஞ்சின் முதலில் வந்தது கிணற்றுக்கு, அதுவும் ஏரி கைவிட்ட மாதங்களுக்காக.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

1780களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்கக் கிளம்பியபோது, வாங்குகிறவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: இது எத்தனை குதிரைக்குச் சமம்? நம் ஊர்ச் செக்குமாட்டைப் போல வட்டமாகச் சுற்றி ஆலையை ஓட்டிய குதிரையை வாட் அளந்தார். 12 அடி ஆரம், மணிக்கு 144 சுற்று, 180 பவுண்டு இழுப்பு. பெருக்கிப் பார்த்து, முழு எண்ணாக்கி, ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத்திறன் என்று வைத்தார். இன்றைய அளவில் 746 வாட். மாங்காட்டில் இன்றும் மோட்டார் கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை ஹெச்.பி.?’ என்பதுதான். ஓர் ஆலைக் குதிரையின் உழைப்பு இருநூற்று நாற்பது ஆண்டு கழித்தும் நம் மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கிறது.

இனி நம் மாட்டுக்கு வருவோம். உழவு மாடு நாள் முழுக்கத் தளராமல் இழுக்கக்கூடியது தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இந்தச் சீமையின் மாடு பெரிய உருப்படி அல்ல. ஒன்று 250 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு ஜோடி 50 கிலோ விசையோடு இழுக்கும். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் நடக்கும். இரண்டையும் பெருக்கினால் ஒரு ஜோடி மாடு அரைக் குதிரைக்குக் கொஞ்சம் குறைவு. மனிதர் பத்தில் ஒரு குதிரை. பொறியாளர்கள் கலப்பை கேட்கும் விசையை இழுவிசை என்றும், அதை வேகத்தோடு பெருக்கி வருவதைத் திறன் என்றும் பிரித்துச் சொல்வார்கள். உழவனுக்கு இந்தப் பிரிவு ஏட்டில் படிக்க வேண்டியதில்லை. மேழியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் கொழு ஆழமாக இறங்கும், இழுவிசை ஏறும், மாடு நடையைக் குறைக்கும். திறன் அதே அரைக் குதிரைதான். அதை ஆழமாகச் செலவழிப்பதா வேகமாகச் செலவழிப்பதா என்பதை மேழி பிடித்த கை முடிவு செய்தது.

நாட்டுக்கலப்பையின் சால் அகலம் 20 செ.மீ. என்று கொண்டால், ஓர் ஏக்கரை ஒரு முறை உழ மாடும் ஆளும் 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 50 கிலோ இழுப்பில் 20 கிலோமீட்டர். அந்த வேலை, ஒரு ஹெச்.பி. எஞ்சின் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுவதற்குச் சமம்.

இப்போது அதே ஏக்கருக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் கட்டுவோம். ஐந்து செ.மீ. நிற்கும்படி பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். தண்ணீர் ஐந்து மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. தூக்க எவ்வளவு வேலை? அதே மூன்றரை மணிக்குச் சற்று மேல். ஓர் உழவும் ஒரு பாய்ச்சலும் ஒரே எடை.

ஆனால் நெல்லுக்கு நான்கைந்து உழவு போதும். பாய்ச்சல்? ஒரு போகத்துக்கு 120 செ.மீ. தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. முழுவதையும் கிணற்றிலிருந்தே எடுப்பதென்றால் 24 பாய்ச்சல். பாதியை மழையோ ஏரியோ தந்தாலும் 12. கிணறு பத்து மீட்டர் ஆழமென்றால் எல்லாம் இரட்டிப்பு. இதுதான் விஷயம். சித்திரையில் சொர்ணவாரி நெல் போடவோ, மார்கழி தை நவரை நெல்லைக் காப்பாற்றவோ துணிந்தவனின் மாடுகள் வயலில் தேய்ந்ததைவிடக் கவலையடியில்தான் அதிகம் தேய்ந்தன.

கவலை ஏற்றத்தை இன்று ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். கிணற்றின் வாயில் உருளை, தோல் சால், அதற்கு வால் போன்ற தும்பி, மேலே வடம், கீழே வால்கயிறு. கிணற்றிலிருந்து சரிந்து இறங்கும் பாதையில் மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு போகும். சால் மேலே வந்து தும்பியின் வழியாகத் தண்ணீரைக் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி மேடேற வேண்டும். அந்தச் சரிவில்தான் பொறியியல் இருந்தது. இறங்கும்போது மாட்டின் எடையும் இழுப்போடு சேர்ந்துகொள்கிறது. ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டால் அவர் எடையும் சேரும். ஆழம் குறைந்த கிணறுகளிலும் வாய்க்கால் ஓரத்திலும் துலா. அதில் ஒருவரோ இருவரோ துலாமரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கொட்டுவார். மூவர் சேர்ந்து மூன்றில் ஒரு குதிரைகூட இல்லை. ஓர் ஏக்கருக்கு ஒரு முறை தண்ணீர் கட்டப் பன்னிரண்டு மணி நேரம். விடியுமுன் ஏற்றப்பாட்டு கேட்டதாகப் பழைய ஆட்கள் நெகிழ்ந்து சொல்வார்கள். விடியுமுன் தொடங்காவிட்டால் வேலை முடியாது என்பதுதான் காரணம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் சைதாப்பேட்டையில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன் அடிப்படையில் ஒரு ராணுவப் பொறியாளர், ராயல் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்தவர். டாஸ்மேனியாவையும் நியூ சவுத் வேல்ஸையும் ஆண்டுவிட்டு இங்கே வந்தவர். இங்குள்ள உழவைப் பார்த்ததும் கருவி மாறினால் எல்லாம் மாறும் என்று நினைத்தார். இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, பரம்பு, விதைக்கும் கருவி, கதிரடிக்கும் எந்திரம், தூற்றும் எந்திரம், நீர் இறைக்கும் கருவிகள் என்று ஒரு கப்பல் சரக்கே வரவழைக்கப்பட்டது. அவற்றை ஓட்டிப் பார்க்க 1865இல் சைதாப்பேட்டையில் 350 ஏக்கரில் ஒரு பண்ணை. மாங்காட்டிலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். 1868இல் அங்கே வேளாண் பள்ளி தொடங்கியது. அதுதான் 1906இல் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்து, பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று சைதாப்பேட்டையில் பேருந்துக்காக நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

அக்காலத்து நீராவிக் கலப்பை எப்படி வேலை செய்தது? எஞ்சின் பல டன் எடை. வயலுக்குள் இறங்கினால் புதைந்துவிடும், புதையாவிட்டால் மண்ணை இறுக்கிவிடும். அதனால் லீட்ஸ் நகரத்து ஜான் ஃபௌலர் எஞ்சினை வரப்பிலேயே நிறுத்தி, கம்பி வடத்தால் கலப்பையை மட்டும் வயலுக்குக் குறுக்கே இழுத்தார். அதற்காக 1858இல் இங்கிலாந்தின் ராயல் வேளாண் சங்கத்தின் 500 பவுண்டு பரிசும் வாங்கினார். அழகான யோசனை. ஆனால் அது கேட்பது நீண்ட, தடையற்ற, பெரிய வயல், நிலக்கரி, பழுது பார்க்க ஃபிட்டர். இங்கே இருந்தது வரப்புக்கு வரப்பு மாறும் ஐந்து சென்ட், பத்து சென்ட் கழனி. ஒவ்வொன்றும் தண்ணீர் மட்டத்துக்காகத் தனித்தனியே சமன் செய்யப்பட்டது. நீராவிக் கலப்பை இந்தச் சீமையில் வேரூன்றவில்லை.

பண்ணைக் கண்காணிப்பாளர் டபிள்யூ. ஆர். ராபர்ட்சன் காலத்தில் இரும்புக் கலப்பைகள் முயன்று பார்க்கப்பட்டன. மண்ணைப் புரட்டிப் போடும் இரும்புக் கலப்பை நல்ல கருவிதான். நாட்டுக்கலப்பை ‘வி’ வடிவில் கீறிவிட்டுப் போகும், சாலுக்கும் சாலுக்கும் நடுவே உழாத மண் நிற்கும், அதனால் குறுக்கே மறுபடி உழ வேண்டும். இரும்புக் கலப்பை ஒரே ஓட்டத்தில் வேலையை முடித்துவிடும். ஆனால் அதற்கு இழுவிசை அதிகம். 250 கிலோ மாடு தருகிற 25 கிலோ இழுப்பைக் கலப்பையை மாற்றி ஏற்ற முடியாது. மாட்டைத்தான் மாற்ற வேண்டும், அதற்குத் தீவனத்தை மாற்ற வேண்டும், தீவனத்துக்கு நிலம் வேண்டும். மேலும் நாட்டுக்கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கலாம். உடைந்தால் ஊர்த் தச்சர் அன்றைக்கே சரிசெய்வார், கொழுவைக் கொல்லர் தீட்டித் தருவார். 1889இல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1893இல் வெளியிட்ட அறிக்கையில், இந்திய உழவனைப் பின்தங்கியவன் என்று பொதுவாகச் சொல்வது தவறு என்று எழுதியது தற்செயல் அல்ல.

டெனிசன் மாட்டிடமிருந்து முதலில் வாங்க நினைத்தது கலப்பையை. மாட்டுக்குப் பெரும் சுமையாக இருந்ததோ கிணறு. வந்திறங்கிய சரக்கில் நீர் இறைக்கும் கருவிகளும் இருந்தன. பெருமையெல்லாம் கலப்பைக்குப் போய்விட்டது. கணக்கு அன்றைக்கே போட்டிருக்கக்கூடியதுதான்.

அந்தக் கணக்கைப் போட்டவர் 1888இல் சென்னைக்கு வந்த பொறியியல் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவர் என்று அவரைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய காரியம், துலாவையும் கவலையையும் எஞ்சினைப் போலவே மரியாதையோடு அளந்ததுதான். ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் எத்தனை காலன் தண்ணீரை எத்தனை அடி தூக்குகிறது, அதற்கு என்ன செலவு என்று குறித்தார். பழைய கருவிகள் கேவலமானவை அல்ல, கவலையில் மாட்டின் உழைப்பில் பெரும்பங்கு தண்ணீராக மேலே வந்துவிடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. குறை கருவியில் இல்லை, அரைக் குதிரைக்கு மேல் எதுவும் கிடைக்காததில்தான் இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் செங்கல்பட்டை அடுத்த மெல்ரோசாபுரம் மிஷன் பண்ணையில் எண்ணெய் எஞ்சினோடு பம்பை இணைத்து இறைத்துப் பார்த்தார்கள். பிறகு மாகாணம் முழுக்க அரசுக் கடனோடு எண்ணெய் எஞ்சின்கள் கிணறுகளுக்குப் போயின. மரக்கரியை எரித்து வாயுவாக்கி ஓட்டும் எஞ்சின்களும் வந்தன. 1912இல் சாட்டர்டன் தன் அனுபவத்தை நீரேற்றுப் பாசனம் பற்றிய ஒரு நூலாக வெளியிட்டார்.

5 ஹெச்.பி. எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். பம்பில் பாதி வீணாகிறது. மீதி இரண்டரைக் குதிரை தண்ணீரைத் தூக்குகிறது. முன்பு மூவர் பன்னிரண்டு மணி நேரம் துலா மிதித்த ஏக்கருக்கு இப்போது ஒன்றரை மணி நேரம். மாடு செய்யும் வேலையை எஞ்சின் மலிவாகச் செய்தது என்பது ஒருபுறம். மாட்டை வைத்துச் செய்யவே முடியாத வேலையைச் செய்தது என்பது பெரிது. இன்னொன்று: கிணற்றுக்கு வந்த எஞ்சின் அசைய வேண்டியதில்லை. அதன் எடை எவ்வளவாக இருந்தாலும் மண்ணுக்குக் கவலையில்லை. கழனி சிறியதா பெரியதா என்ற கேள்வியும் இல்லை. நீராவிக் கலப்பையைத் தோற்கடித்த அத்தனை தடையும் கிணற்றடியில் இல்லை.

ஒரே ஒரு தடை இருந்தது, அது இயற்கையின் சட்டம். பம்பு தண்ணீரை உறிஞ்சுவதில்லை; காற்றழுத்தம்தான் தண்ணீரைப் பம்புக்குள் தள்ளுகிறது. காற்றழுத்தம் தள்ளக்கூடிய உயரம் ஏட்டில் 10 மீட்டருக்குச் சற்று மேல், நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர். தண்ணீர் அதற்கும் கீழே போனால் கரையில் எத்தனை ஹெச்.பி. வைத்தாலும் ஒரு சொட்டு வராது. அதனால்தான் இந்தப் பக்கத்துப் பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் ஒரு மேடை கட்டியிருப்பார்கள். எஞ்சினையும், பிற்பாடு மோட்டாரையும் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்தார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது கயிறு கட்டி மோட்டாரை மேலே தூக்குவது அன்றைய வீட்டு வேலைகளில் ஒன்று. ராத்திரி பெரிய மழை பிடித்தால் வீட்டுப் பெரியவருக்கு வேறு எந்த நினைப்பும் இருக்காது.

மின்சாரத்தின் கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டதால் ஓடிக் கடக்கிறேன். 1957இல் மின்வாரியம் அமைந்தது, காமராஜர் ஆட்சியில் கிராமங்களுக்குக் கம்பி போனது, பம்புசெட் இணைப்பில் சென்னை மாநிலம் நாட்டில் முன்வரிசையில் நின்றது. 1990இல் விவசாயப் பம்புசெட் எல்லாவற்றுக்கும் மின்சாரம் இலவசம். அதற்குப் பிறகு மோட்டாரின் தகட்டில் எழுதிய எண்ணை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் இறங்க இறங்க ஐந்து ஏழரை ஆயிற்று, ஏழரை பத்தாயிற்று, திறந்த கிணறு ஆழ்துளைக் கிணறாயிற்று.

டிராக்டருக்கு இப்போது வரலாம். வந்த வழி மவுண்ட் ரோடு.

1840இல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கிய மவுண்ட் ரோட்டுச் சிம்ப்சன் கம்பெனி, 1903இல் சென்னையிலேயே ஒரு நீராவிக் கார் செய்து ஓட்டிக் காட்டியது. பின்னாளில் அது எஸ். அனந்தராமகிருஷ்ணனின் தலைமைக்கு வந்தது. அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டி எழுப்பியவர் அவர். 1949இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், 1950களில் சிம்ப்சனில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் என்று படிப்படியாக உள்ளுறுப்புகள் முதலில் வந்தன. பிஸ்டனும் எஞ்சினும் கைக்கு வந்த பிறகு, 1960இல் மாசி ஃபெர்குசனின் கூட்டோடு ‘டாஃபே’ டிராக்டர் கம்பெனி பிறந்தது, செம்பியத்தில் டிராக்டர் கட்டத் தொடங்கியது. 1964இல் கேளம்பாக்கத்தில் ‘ஜே ஃபார்ம்’ என்ற ஆராய்ச்சிப் பண்ணையையும் வைத்தார்கள். விற்கிற கம்பெனியே முதலில் தானே உழுது பார்க்கட்டும் என்பது சைதாப்பேட்டைப் பண்ணையின் யோசனைதான், நூறு ஆண்டு கழித்து.

ஃபெர்குசன் என்ற பெயருக்கு இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஹாரி ஃபெர்குசன் வட அயர்லாந்தின் உழவர் வீட்டுப் பிள்ளை. முதல் உலகப் போர்க் காலத்து டிராக்டர்கள் கலப்பையை வண்டியைப் போலப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் முன்சக்கரம் மேலே எழும்பி, டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவர் மேலேயே விழும். ஆட்கள் செத்தார்கள். ஃபெர்குசன் கலப்பையைத் தனி வண்டியாக விடாமல் மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்தார்: கீழே இரண்டு கை, மேலே ஒன்று. கலப்பை மண்ணால் பின்னுக்கு இழுக்கப்படும்போது மேல்கை முன்னோக்கித் தள்ளுகிறது. முன்சக்கரம் எழும்பாமல் நிலத்தில் அழுந்துகிறது. கலப்பையின் எடையும் மண்ணின் பிடிப்பும் பின்சக்கரத்தின் மேல் வந்து விழுகின்றன, டயர் வழுக்காமல் பிடிக்கிறது. இழுவிசை அளவு மீறினால் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைத் தானே சற்றுத் தூக்கிவிடும். மேழி பிடித்த கை எத்தனையோ காலமாகச் செய்துவந்ததை அவர் எண்ணெய்க்குக் கற்றுக்கொடுத்தார். 1938இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி ஒப்பந்தம், 1946 முதல் கோவென்ட்ரியில் சொந்த டிராக்டர், 1953இல் கனடாவின் மாசி ஹாரிஸோடு இணைப்பு. இந்த வழியில்தான் அது செம்பியத்துக்கு வந்தது.

அதன் சிறப்பு என்னவென்றால், கனமான டிராக்டர் இல்லாமலே நல்ல இழுப்பு. சின்னக் கழனிக்கும் இளகிய மண்ணுக்கும் இது பெரிய வரம். இருந்தும் 35 ஹெச்.பி. என்று எழுதிய டிராக்டரின் 35 குதிரையும் மண்ணுக்கு வருவதில்லை. கியர் பெட்டியில் கொஞ்சம் போகிறது, டயர் வழுக்கலில் இன்னும் கொஞ்சம் போகிறது. இறுகிய நிலத்தில் பின்னால் கலப்பை பூட்டும் கொக்கிக்குக் கிடைப்பது எஞ்சின் தருவதில் ஏறக்குறைய முக்கால். உழுது இளகிய மண்ணில் பாதி சொச்சம். சேற்றில் அதுவும் இல்லை. வாங்குகிறவர் தகட்டு எண்ணைப் பார்த்து வாங்குகிறார், வேலை கொக்கியில் நடக்கிறது. டிராக்டர் கடை விளம்பரங்கள் இந்த வித்தியாசத்தைப் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

நெல் வட்டாரத்தில் டிராக்டரின் பெரிய சிக்கல் இந்தச் சேறுதான். சேடை ஓட்டும்போது தண்ணீர் கீழே கசியாமல் இருக்கக் களிமண்ணைக் குழம்பாக்க வேண்டும். மாடு அந்தக் குழம்பில் நடந்துவிடும். ரப்பர் டயர் சுழன்றுகொண்டே நிற்கும். இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, டயருக்குப் பதில் அல்லது டயரோடு இரும்புக் கூண்டுச் சக்கரம், ஊரில் ‘கேஜ் வீல்’. அது சேற்றைப் பிடித்து நடக்கிறது, நடக்கிற நடையிலேயே சேற்றை மிதித்தும் தருகிறது. அதே சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடு என்னாகும் என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

மற்றது புத்திசாலித்தனமான வழி. சக்கரத்தின் மூலம் சக்தியை மண்ணுக்குக் கொடுப்பதற்குப் பதில், டிராக்டரின் பின்புறத்திலிருந்து நிமிடத்துக்கு 540 முறை சுழலும் ஒரு தண்டை வெளியே எடுத்து அதிலேயே கருவியை ஓட்டுவது. ஊரில் ‘பி.டி.ஓ.’ என்பார்கள். கொக்கிக்கு வராத குதிரைகள் இந்தத் தண்டில் வந்துவிடும். எஞ்சினில் ஆறில் ஐந்து பங்கு இதில் கிடைக்கும். ரொட்டவேட்டர் இப்படித்தான் ஓடுகிறது. அதன் கத்திகள் மண்ணைத் தாமே வெட்டிச் சுழல்கின்றன, போதாததற்கு டிராக்டரை முன்னோக்கித் தள்ளவும் செய்கின்றன. சிட்னிக்கு அப்பால் ஒரு பண்ணையில் வளர்ந்த கிளிஃபோர்ட் ஹோவர்ட் 1912இல் இப்படிச் சுழலும் கத்தியை முயன்று பார்த்தபோது நெல் வயல் அவர் மனத்தில் இருந்திருக்காது. ஆனால் சேற்றுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்கவில்லை.

அப்படியும் கழனியின் அளவு விடவில்லை. ஒன்பது கொத்துக் கலப்பையின் அகலம் இரண்டு மீட்டர். மணிக்கு நான்கு கிலோமீட்டர் ஓட்டினால் ஏட்டுக் கணக்கில் மணிக்கு இரண்டு ஏக்கர். திரும்புவதிலும் மூலையில் விட்டதைப் பிடிப்பதிலும் கால் பங்கு போய்விடும், நல்ல வயலில் ஒன்றரை ஏக்கர். பத்து சென்ட் துண்டில் திரும்புவதே வேலையாகிவிடும். வேளாண் பொறியியல் துறை 1981இல் தனித் துறையாகி, டிராக்டரை மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டது. மணிக்கு வாடகை என்றால் சிறு கழனிக்காரருக்குத் திரும்பும் நேரத்துக்கும் பணம். கணக்குத் தெரிந்தவர்கள் பக்கத்துக் கழனிக்காரரோடு பேசி, வரப்பை வெட்டிவிட்டு இரண்டையும் ஒரே ஓட்டாக ஓட்டச் சொன்னார்கள்.

மாங்காட்டில் இந்தக் கதை அதிக காலம் நீடிக்கவில்லை. டிராக்டர் முழுமையாக வந்து சேர்ந்த காலமும் கழனிகள் மனைகளாகப் பிரிந்த காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். காமாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் நீண்டன, 2021இல் ஊர் நகராட்சியானது. டிராக்டர்கள் கலப்பையைக் கழற்றி வைத்துவிட்டு டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு செங்கல்லும் மணலும் ஏற்றின. பிறகு தண்ணீர்த் தொட்டியை இழுத்தன.

பம்பு மட்டும் வேலையை விடவில்லை, முதலாளி மாறினார். ஊரை ஒட்டிய சிக்கராயபுரத்தில் கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரிகள் மழைநீரால் நிறைந்து கிடந்தன. 2017 வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் அந்தத் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்து, செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாயில் அனுப்பி நகரத்துக்குக் கொடுத்தது. 2019இலும் நகரம் அந்தக் குவாரிகளையே தேடி வந்தது. வயலுக்குத் தண்ணீர் கட்ட இந்த வட்டாரத்துக்கு வந்த எஞ்சின், நூறு ஆண்டுக்குச் சற்று மேல் கழிந்து, நகரத்துக்குத் தண்ணீர் கட்டியது. ஏரியும் அப்படித்தான், பாசனத்தை விட்டுக் குடிநீருக்கு மாறியது.

இதற்கிடையில் உழவு மாட்டை விற்றுவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பாடிக்கும் அம்பத்தூருக்கும் போனார்கள். 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று அடுத்தடுத்து தொழிற்சாலைகள் எழும்பின. டிராக்டருக்கான சக்கரமும் அங்கேதான் செய்யப்பட்டது. பூந்தமல்லிச் சாலையில் காலை ஷிஃப்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போனவர்களைப் பற்றி அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.

(தொடரும்)